மீன்பெட்டியில் போன மாத்திரை

பதினாலு மாதம் என் அம்மாவுக்கு நான் மாத்திரை அனுப்பியிருக்கிறேன். அது அம்மாவுக்கு என்று மட்டும் எனக்குத் தெரியாது. அய்யாவுக்கு என்று நினைத்துத்தான் ஒவ்வொரு தடவையும் பொட்டலம் மடித்தேன். அந்தப் பதினாலு மாதத்தில் அம்மாவின் நுரையீரலில் எவ்வளவு போயிற்று என்று இனி யாராலும் சொல்ல முடியாதாம். டாக்டர் சொல்லிவிட்டார். இதை எழுத உட்கார்ந்தால் இரண்டு வரிக்கு மேல் இருப்புக் கொள்ளவில்லை. எழுந்து போய்க் கடை வாசலில் நின்றுவிட்டு வந்து மறுபடி எழுதுகிறேன்.

கடை என்றால் மருந்துக்கடை. கிழக்குக் கடற்கரைச் சாலையில், காரங்காட்டுக்குப் பிரிகிற பாதைக்குக் கொஞ்சம் தள்ளி இருக்கிறது. நான் அங்கே பார்மசிஸ்ட். எங்கள் வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். அய்யா கைநாட்டு. அம்மா மூன்று நாள் பள்ளிக்கூடம் போனதாகச் சொல்வாள். நாலாம் நாள் ஆடு மேய்க்க அனுப்பிவிட்டார்களாம். நான் டி.பார்ம் முடித்து, சுவரில் என் சான்றிதழைக் கண்ணாடி போட்டு மாட்டியபோது, கடை முதலாளி, இருபது வருஷம் சவூதியில் இருந்துவிட்டு வந்த பாய், தூரத்தில் நின்று பார்த்துவிட்டு, "மாஷா அல்லாஹ், கொஞ்சம் வலது பக்கம் சரிஞ்சிருக்கு தம்பி" என்றார். அன்றைக்கு எனக்கு இருந்த பெருமைக்கு, சரிந்திருந்தது கண்ணில் படவேயில்லை.

எங்கள் ஊர் நயினார்கோவில் பக்கம். கடையிலிருந்து போக இரண்டு பஸ் மாற வேண்டும். இரண்டாவது பஸ் வந்தால் வரும். அதனால் நான் கடைக்கு மேலேயே ஒரு அறையில் தங்கிக்கொண்டு, மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய் வருவேன். ஊரில் அய்யாவும் அம்மாவும் கரிமூட்டம் போடுகிறவர்கள். சீமைக்கருவேலத்தைத் தூரோடு பறித்து, கட்டைகளைக் கூம்பாக அடுக்கி, மேலே வைக்கோலும் மண்ணும் போட்டு மூடி, உச்சியில் தீ வைத்தால், பத்து நாளைக்கு உள்ளேயே வெந்து கரியாகும். வெட்டுவதும் அடுக்குவதும் அய்யா வேலை. மூட்டம் வேகிற பத்து நாளும் பக்கத்திலேயே இருந்து, எங்கே மண் வெடித்துப் புகை பீறிட்டாலும் தண்ணீர் தெளித்துச் சேறு அப்பி அடைப்பது அம்மா வேலை. அடைக்காவிட்டால் காற்று உள்ளே போய்க் கட்டை எல்லாம் சாம்பலாகிவிடும். அந்தக் கரியில்தான் நான் படித்தேன். அதைப் பெரிய வசனமாகச் சொல்லவில்லை, பீஸ் கட்டியது அதில்தான்.

எங்கள் ஊரில் மருந்துக்கடை கிடையாது. ஆனால் காலையில் மீன் வரும். மீன்கார அண்ணன் ஒருவர், விடியக் கடற்கரையில் மீன் எடுத்து, வண்டியின் பின்னால் பெட்டியில் ஐஸ் போட்டுக் கட்டிக்கொண்டு, ஹாரன் அடித்தபடி உள்நாட்டு ஊர் ஏழெட்டைச் சுற்றி வருவார். போகிற வழியில் எங்கள் கடை. ஊர்ப் பெண்கள் மீன் வாங்கும்போதே மறுநாளைக்கு மருந்தும் சொல்லிவிடுவார்கள். அவர் அதை மனதிலேயே வைத்துக்கொண்டு வந்து ஒப்பிப்பார்.

"டாக்டர் தம்பி, முட்டு வலிக்கு ஒரு செட், சளிக்கு மூணு செட், பிள்ளைக்கு வயித்துப்போக்குப் பவுடர் ரெண்டு. அப்புறம் ஒரு ஆத்தா, தலை சுத்துதுன்னுச்சு. சாள மீனு விலையச் சொன்னதுமே சுத்துச்சு, அதுக்கு மருந்து இருக்கா?"

நான் மடித்துக் கொடுப்பேன். பெட்டியின் மேல்மூடிக்கு உள்ளே ஒரு பிளாஸ்டிக் பையில் மாத்திரைகளை வைத்துக்கொள்வார். எங்கள் பக்கத்து ஊர்களில் மாத்திரை என்றால் லேசாக மீன் வாடை அடிக்கும். அது யாருக்கும் ஒரு குறையாகத் தெரிந்ததில்லை.

செட் என்பது என்னவென்று சொல்லிவிடுகிறேன். மருந்துச்சீட்டு இல்லாமல் வருகிறவர்களுக்கு நாலைந்து அட்டைகளில் இருந்து ஒவ்வொன்றாக வெட்டி, ஒரு வேளைக்கு ஒரு பொட்டலமாகச் சேர்த்துத் தருவது. சளிக்கு ஒன்று, கிருமிக்கு ஒன்று, மூச்சு வாங்கினால் அதற்கு ஒன்று. கடைசியாக ஒரு சின்ன வெள்ளை மாத்திரை. அது ஸ்டீராய்டு. ஜனங்களுக்கு அந்தப் பெயர் தெரியாது, "குட்டி மாத்திரை" என்பார்கள். குட்டி மாத்திரை இல்லாத செட் கேட்காது என்பது அவர்கள் முடிவு. ஒரு வகையில் அது உண்மைதான். போட்ட அன்றைக்கே இருமல் அடங்கும், மூச்சு லேசாகும், பசிக்கும். நோய் மட்டும் அங்கேயே இருக்கும். இதெல்லாம் நான் படித்தவன். பரீட்சையில் ஸ்டீராய்டின் பக்க விளைவுகளை எழுதி நல்ல மார்க் வாங்கியவன். ஆனால் கடையில் நின்ற முதல் வாரமே செட் மடிக்கக் கை பழகிவிட்டது. எல்லாக் கடையிலும் அப்படித்தானே என்று இருந்துவிட்டேன்.

முதல் தடவை மீன்கார அண்ணன், "உங்க வீட்டுலயும் ஒரு சளி செட்டு கேட்டாக, உங்க அய்யாவுக்காம்" என்றபோது எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. அய்யா பீடி குடிப்பவர். விவரம் தெரிந்த நாளிலிருந்து அவர் இருமிக் கேட்டிருக்கிறேன். மூன்று நாளைக்கு மடித்துக் கொடுத்தேன். இரண்டு வாரம் கழித்து மறுபடி. அப்புறம் வாராவாரம் என்று ஆயிற்று. ஊருக்குப் போகும்போதெல்லாம், "பீடிய விடுங்கய்யா" என்று அய்யாவிடம் சண்டை போடுவேன். அவர் என்னைப் பார்க்காமல் அம்மாவைப் பார்ப்பார். அம்மா எழுந்து பின்பக்கம் போய்விடுவாள். மகன் சத்தம் போடுவது பிடிக்காமல் போகிறாள் என்று நினைத்துக்கொள்வேன்.

அந்த வருஷம் அம்மா முகம் உருண்டு திரண்டு போயிருந்தது. ஒட்டிக் கிடந்த கன்னம் பூரித்து, கழுத்து தடித்து, ஆளே மாறியிருந்தாள். "மகன் சம்பாதிக்கிறான், ஆத்தாளுக்கு மேனி பொலிஞ்சிருச்சு" என்று தெருவே சொன்னது. எனக்கும் உச்சி குளிர்ந்தது. அறைக்குத் திரும்பும்போது, அம்மா ஒரு வழியாக நன்றாகச் சாப்பிட ஆரம்பித்துவிட்டாள் என்று பஸ்ஸில் நினைத்துக்கொண்டே வந்தேன். ஸ்டீராய்டு அதிகம் தின்றால் முகம் நிலா மாதிரி உருண்டு போகும் என்று எந்தப் பக்கத்தில் படித்தேன் என்பதுகூட எனக்கு இப்போது நினைவிருக்கிறது. அன்றைக்கு நினைவு வரவில்லை.

அப்புறம் ஒரு நாள் ராமநாதபுரத்தில் மருந்துக்கடைக்காரர்களுக்கு ஒரு வகுப்பு வைத்தார்கள். பாய்க்குப் போகச் சோம்பல். "நீ போய்ட்டு வா தம்பி, பிரியாணி போடுவானுக" என்று என்னை அனுப்பினார். நெஞ்சு நோய் பார்க்கும் ஒரு அம்மா, பெரிய ஆஸ்பத்திரி டாக்டர், வந்து பேசினார். படம் கிடம் எதுவும் காட்டவில்லை. நேராக ஒரு கேள்வி கேட்டார்.

"போன மாசம் சளிக்கு செட் வாங்கின ஆள் இந்த மாசமும் வந்தா என்ன செய்வீங்க?"

பின் வரிசையில் ஒருவர், "இன்னொரு செட் குடுப்போம் மேடம்" என்றார். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். டாக்டர் சிரிக்கவில்லை.

"என்கிட்ட வர்றவங்க முக்கால்வாசி நுரையீரல் போனப்புறம்தான் வர்றாங்க. அதுக்கு முன்னாடி அவங்க எங்கே போனாங்கன்னு கேட்டா, எல்லாரும் ஒரே பதில் சொல்றாங்க. மெடிக்கலுக்கு. அப்ப அவங்களை முதல்ல பார்க்கிறது நான் இல்ல, நீங்க. நோய் என்னன்னு நீங்க சொல்ல வேண்டாம். நாலு கேள்வி கேளுங்க. சந்தேகமா இருந்தா அனுப்பி வைங்க, அவ்வளவுதான்."

அந்த நாலு கேள்வியும் ரொம்பச் சாதாரணம். இருமல் எத்தனை மாதமாக இருக்கிறது, காலையில் சளி வருகிறதா, கூட நடக்கிற ஒத்த வயசுக்காரர்களைவிட முன்னாலேயே மூச்சு வாங்குகிறதா, புகையோடு புழங்குகிறவரா. புகை என்றால் பீடி சிகரெட் மட்டும் இல்லை என்று டாக்டர் அழுத்திச் சொன்னார். விறகடுப்பு, செங்கல் சூளை, கரிமூட்டம் என்று அவர் அடுக்கிக்கொண்டே வந்தபோது, கரிமூட்டம் என்ற சொல்லில் நான் நிமிர்ந்தேன். ஒரு அவையில் அந்த வார்த்தையை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அய்யாதான் மனதுக்கு வந்தார். பீடியும் உண்டு, மூட்டமும் உண்டு. எவ்வளவு நாளாகச் செட் அனுப்புகிறோம் என்று விரல் விட்டு எண்ணினேன். பதினாலு மாதம். எனக்குப் பிரியாணி இறங்கவில்லை.

வரும்போது ஊதிப் பார்க்கும் கருவி ஒன்று வாங்கி வந்தேன். பிளாஸ்டிக் குழல், ஒரு பக்கம் அளவு போட்டு ஒரு சிவப்பு ஊசி இருக்கும். நெஞ்சு நிறைய மூச்சிழுத்து ஒரே மூச்சில் ஊதினால் ஊசி ஏறி நிற்கும். மறுநாள் அதைக் கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்தேன். பரோட்டாக் கடை மாஸ்டர் ஒருவர் வழக்கம்போல இருமல் டானிக் கேட்டு வந்தார். நான் கேள்விகளை ஆரம்பித்தேன்.

"என்னப்பா, டானிக் கேட்டா போலீஸ் ஸ்டேஷன் மாதிரி விசாரிக்கிற?"

"ஒரு தடவ இதுல ஊதுங்கண்ணே."

"நான் இன்னும் குடிக்கவே இல்லயேப்பா, மணி பத்துதான் ஆகுது."

பாய் கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தார். "தம்பி, இது மருந்துக்கடையா பலூன் கடையா?" என்றார். மாஸ்டர் ஊதினார். ஊசி பாதிக்கும் கீழே நின்றது. நான் ஒரு சீட்டில் ஆஸ்பத்திரியின் எந்த அறை, எந்த நாள் என்று எழுதிக் கொடுத்தேன். அதை மடித்துக் காதில் சொருகிக்கொண்டு, எதிர்க்கடையில் டானிக் வாங்கிக்கொண்டு போனார். பாய் என்னைப் பார்த்தார். உச்சுக் கொட்டினார்.

அந்த அவமானம்கூட எனக்குப் பெரிதாக இல்லை. மனசு முழுக்க அய்யாதான். அடுத்த நாள் காலை மீன்கார அண்ணன் ஹாரன் அடித்து நின்றதும் நானே வெளியே ஓடினேன்.

"அண்ணே, எங்க அய்யா எப்படி இருக்காரு? ரொம்ப இருமுறாரா?"

"அவருக்கென்ன? முந்தாநாளு தூர் பறிச்சுக்கிட்டு நின்னாரு. கோடாலிய ஓங்குனா பாத்துக்கிட்டே இருக்கலாம்."

"இல்ல, செட் கேக்குறாரே வாராவாரம்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பெட்டி மூடியைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தார்.

"ஏந்தம்பி, தெரிஞ்சே கேக்குறியா? அதெல்லாம் உங்க அம்மாவுக்குத்தான?"

"அய்யாவுக்குன்னு சொன்னீங்க?"

"அய்யாவுக்குன்னு சொல்லுன்னு உங்க அம்மாதான் சொல்லுச்சு. வண்டி நிக்கிறதுக்குள்ள வந்துரும். என் பாட்டில்லயே தண்ணி வாங்கி அங்கனயே முழுங்கிட்டு, மிச்சத்த முந்தியில முடிஞ்சுக்கிட்டுப் போயிரும். வண்டிகிட்ட வர்றதுக்குள்ளயே அதுக்கு எரைக்கும் தம்பி. நான் மீனக் காட்டுற மாதிரி கொஞ்ச நேரம் நிப்பேன். உனக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்."

 உடனே கண்ணுக்கு முன்னால் வந்தது அம்மாவின் அந்த உருண்ட முகம்தான். பாயிடம் போய் ஒரு நாள் லீவு என்றேன். திங்கட்கிழமை, கூட்ட நாள். அவர் ஏன் என்று கேட்கத் தொடங்கி, என் முகத்தைப் பார்த்துவிட்டு, "போ, போ, நான் பாத்துக்கிறேன்" என்றார். பஸ்ஸுக்குக் காத்திருக்க முடியவில்லை. மீன்கார அண்ணன் வண்டியிலேயே, அவருக்கும் பெட்டிக்கும் நடுவில் இடுக்கி உட்கார்ந்தேன். கருவியை மடியில் வைத்திருந்தேன். அவர் வியாபாரத்தை விட முடியுமா? ஒவ்வொரு ஊரிலும் நின்று நின்று போனார். ஒரு அக்கா நெத்திலியைக் கிளறிக் கிளறிப் பார்த்து, "நேத்துப் பிடிச்சதா, போன வருசம் பிடிச்சதா?" என்று பேரம் பேசிக்கொண்டிருந்தார். நான் இறங்கி, ஏறி, மறுபடி இறங்கி, சாலையில் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். நடந்தே போயிருந்தால்கூடச் சீக்கிரம் போயிருப்பேன் என்று தோன்றியது. ஐஸ் உருகி என் கால்சட்டை நனைந்து, ஊர் போய்ச் சேரும்போது நானே ஒரு மீனாகியிருந்தேன்.

அம்மா மூட்டத்தடியில் இருந்தாள். மூன்றாம் நாள் மூட்டம், வெள்ளைப் புகை கொட்டிக்கொண்டிருந்தது. சேற்றுச் சட்டியைத் தூக்கிக்கொண்டு நாலு எட்டு வைப்பாள், நிற்பாள், இடுப்பில் கையை ஊன்றி வாயைக் குவித்து மூச்சு விடுவாள், மறுபடி நாலு எட்டு. மாதத்துக்கு ஒரு ஞாயிறு வருகிறவனுக்கு அவள் வேலை செய்வது எப்படித் தெரியும்? நான் வருகிற அன்றைக்கு எப்போதும் வீட்டில் உட்கார்ந்து எனக்குச் சோறு போட்டுக்கொண்டிருப்பாள்.

என்னைப் பார்த்ததும் பதறிப் போனாள். "என்ன அப்பு, வேலைய விட்டு நிறுத்திட்டாகளா?"

"ஒண்ணுமில்லம்மா. இதுல ஊது."

"என்னய்யா இது?"

"ஊதும்மா."

அய்யா கோடாலியைப் போட்டுவிட்டு வந்தார். முதலில் அவர் வாங்கி, விளையாட்டுச் சாமான் மாதிரி ஊதினார். ஊசி முக்கால்வாசி போயிற்று. பீடி குடித்த நெஞ்சுக்கு அது அதிகம்தான். அம்மா முந்தியால் வாய்ப்பக்கத்தைத் துடைத்துவிட்டு ஊதினாள். முந்நூறையாவது தொட வேண்டிய ஊசி கொஞ்சம் அசைந்து, நூற்றைம்பதில் நின்றது. மறுபடி ஊதச் சொன்னேன். நூற்று நாற்பது. மூன்றாவது தடவை ஊதப் போய் இருமல் வந்து, குத்தவைத்து உட்கார்ந்துவிட்டாள். அய்யா அந்தக் குழலை வாங்கி ஆட்டிப் பார்த்தார், ஏதோ அடைத்துக்கொண்டிருக்கிறது போல.

"பீடிக்காரன் நான் இருக்கேன். இவளுக்கு ஏன்லே?" என்றார்.

"ஏன்யா என்கிட்ட சொல்லல?" என்று நான் கத்தினேன்.

அம்மாதான் பதில் சொன்னாள், இருமலுக்கு நடுவில். "உனக்குப் பொண்ணு பாத்துக்கிட்டு இருக்கோம். ஆத்தாக்காரி இப்பிடி இருமுறாளே, டிபியா இருக்குமோன்னு ஒருத்தர் வாயில விழுந்தாப் போதும், ஒருத்தரும் பொண்ணு தர மாட்டாக. ஆம்பளை இருமுனா பீடின்னு விட்டுருவாக. அதான் அய்யாவுக்குன்னு சொல்லச் சொன்னேன். நீ குடுத்த மாத்திரை நல்லாத்தான் கேட்டுச்சு அப்பு. ஒன்னய மாதிரி யாரு குடுப்பா?"

அந்தக் கடைசி வார்த்தையை அவள் பெருமையாகத்தான் சொன்னாள். அதுதான் இன்றைக்கு வரை என்னை ஓர் இடத்தில் உட்கார விடவில்லை.

மறுநாள் காலை ராமநாதபுரத்துக்குக் கூட்டிப் போனேன். முதலில் சளியைப் பரிசோதித்தார்கள், எக்ஸ்ரே எடுத்தார்கள். டிபி இல்லை என்றதும் அம்மாவுக்கு முகம் மலர்ந்தது, எழுந்து ஊருக்குப் போகலாம் என்றாள். அப்புறம் பெரிய மெஷினில் ஊதச் சொன்னார்கள். மருந்து உறிஞ்சக் கொடுத்து, கொஞ்சநேரம் உட்கார வைத்து, மறுபடி ஊதச் சொன்னார்கள். வகுப்பு எடுத்த அதே டாக்டர்தான் பார்த்தார். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

"பீடி, சிகரெட் பழக்கம் உண்டாம்மா?"

அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "என்னத்தா இப்பிடிக் கேட்டுப்புட்ட? வெத்தலை கூட ஆராவது குடுத்தாத்தான் போடுவேன்."

"புகையில வேலையா?"

"கரிமூட்டம்" என்றேன் நான்.

டாக்டர் தலையாட்டிவிட்டு அம்மாவின் முகத்தைக் கொஞ்சநேரம் பார்த்தார். கன்னத்தை விரலால் லேசாக அழுத்தினார். கையில் தோல் மெலிந்து நீலம் பாய்ந்திருந்த இடத்தைத் திருப்பிப் பார்த்தார். சர்க்கரை ஏறியிருந்த ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தார்.

"குட்டி மாத்திரை சாப்பிட்டீங்களா? எவ்வளவு நாளா? யார் குடுத்தா?"

அம்மா என்னைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு, "அது… ஊருல ஒரு கடையில" என்றாள். எங்கள் ஊரில் கடையே கிடையாது.

"நான்தான் மேடம் குடுத்தேன்" என்றேன். "நான் பார்மசிஸ்ட். இவங்க மகன்."

அறையில் இன்னும் நாலைந்து பேர் இருந்தார்கள். டாக்டர் என்னைத் திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அம்மா முந்திக்கொண்டு, "அவனுக்குத் தெரியாதுத்தா, நான்தான் பொய் சொன்னேன்" என்றாள். டாக்டர் பேனாவை மூடினார். புகையால் வந்த நாள்பட்ட நுரையீரல் நோய் என்றார். குட்டி மாத்திரையைத் திடீரென்று நிறுத்தக் கூடாது, தான் எழுதித் தருகிறபடி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும் என்றார். வாயில் வைத்து மருந்தை உறிஞ்சுகிற பம்பு எழுதிக் கொடுத்தார். நான் கேட்டேன், "ஒரு வருஷம் முன்னாடி கொண்டு வந்திருந்தா?"

"முன்னாடி வந்திருந்தா நல்லதுதான். எவ்வளவுன்னு யாராலயும் சொல்ல முடியாது. போனது திரும்பாது. இனிமே போகாமப் பாத்துக்கலாம். புகைகிட்ட விடாதீங்க."

புகைகிட்ட விடாதீங்க என்று சொல்வது சுலபம். மூட்டம் இல்லாமல் அவர்கள் இருக்க மாட்டார்கள், நான் எவ்வளவு சொன்னாலும். கடைசியில் அய்யாவே ஓட்டை அடைக்கிற வேலையை எடுத்துக்கொண்டார். அம்மா ஆறின கரியைப் பொறுக்குகிறாள், அதுவும் புகை அடிக்காத பக்கமாக உட்கார்ந்து, வாயில் துணியைக் கட்டிக்கொண்டு. அய்யாவுக்குச் சேறு அப்பத் தெரியவில்லை. முதல் மூட்டத்தில் பாதி சாம்பலாகிப் போனது. "இத்தன வருசமா இதத்தான் செஞ்சாளா இவ" என்று மட்டும் சொன்னார். பீடியை விட்டுவிட்டேன் என்கிறார், நான் நம்பவில்லை. பம்பை அம்மா முதலில் அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்திருந்தாள். அப்போது எனக்குப் பேசிக்கொண்டிருந்த ஒரு பெண் வீட்டாரிடம் நானே போனில் சொல்லிவிட்டேன், டிபி இல்லை, புகை நோய், தொற்றாது என்று. அவர்கள் அப்புறம் பேசவில்லை. அம்மா இரண்டு மாதம் என்னிடம் சரியாகப் பேசவில்லை. ஆனால் அதற்கப்புறம் பம்பு வெளியே, சாமி படத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டது.

கடையில் நான் செட் மடிப்பதை நிறுத்தினேன். பாய்க்கும் எனக்கும் அதில் வாக்குவாதம் வந்தது. "நீ குடுக்கலேன்னா எதிர்க்கடையில குடுக்கப் போறான். அந்த ஆளு நுரையீரலு அங்கன போனா மட்டும் வாழுமா?" என்றார்.  என்னால் முடியாது பாய் என்று மட்டும் சொன்னேன். சில நாள் கழித்து, நான் இல்லை என்று நினைத்து அவரே அந்தக் குழலில் ஊதிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். அதற்கப்புறம் செட் பேச்சை அவர் எடுக்கவில்லை. கல்லாவுக்குப் பக்கத்தில் ஊதுகிறவர்கள் உட்கார ஒரு ஸ்டூல் வந்தது. பரோட்டா மாஸ்டர் மூன்று மாதம் கழித்து, காதில் அதே சீட்டு அழுக்கேறிப் போய், "இந்த ரூமு எங்கனப்பா இருக்கு?" என்று வந்தார்.

மீன்கார அண்ணனுக்குத்தான் இப்போது கஷ்டம். காலையில் வந்து நிற்பார். "கெழக்குத் தெருவுல பெருசுக்குச் சளி செட்டு ஒண்ணு…" என்று ஆரம்பிப்பார்.

"முழுங்குறது யாரு?"

"பெருசுக்குன்னுதான் சொன்னாக."

"சொன்னது இருக்கட்டும்ணே. முழுங்குறது யாரு?"

"வாங்கிட்டுப் போறது அவுக மருமக. வீட்டுக்குள்ளயா போய்ப் பாக்க முடியும்? நான் மீன் விக்கிறவன்யா, துப்பறியிறவன் இல்ல." புலம்பிக்கொண்டேதான் போவார். ஆனால் மறுநாள் வந்து, "மருமகதான் தம்பி. செங்கச் சூளைக்குப் போகுது. மூச்சு வாங்குது, நான் பாத்தேன்" என்று சொல்லிவிட்டு, தானே சீட்டை வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொள்கிறார். சிலர் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். நிறையப் பேர் போவதில்லை. ஹாரன் சத்தம் தேய்ந்து போகும்போது, நான் முன்னே அனுப்பிய பொட்டலங்களை நினைத்துக்கொள்கிறேன். சளிக்கு மூன்று செட், நாலு செட் என்று ஊர் ஊராகப் போனதில், யார் பெயரைச் சொல்லி யார் முழுங்கினார்களோ. எனக்குத் தெரிய வந்தது ஒரே ஒரு ஆள்தான்.

போன ஞாயிறு ஊருக்குப் போயிருந்தேன். இப்போது மாதத்துக்கு இரண்டு தடவை போகிறேன். போனதும் அம்மாவை ஊதச் சொல்வேன். அம்மா முகம் வற்றிப் பழையபடி கன்னம் ஒட்டியிருந்தது. ஊர் இப்போது, மகன் கவனிக்கவில்லை போல என்கிறது. அம்மா தண்ணீர் குடித்து, நேராக உட்கார்ந்து, நான் சொல்லிக் கொடுத்தபடி இழுத்துப் பிடித்து ஊதினாள். ஊசி நூற்று அறுபதில் நின்றது.

"போன தடவ எம்புட்டு?" என்றாள்.

"இதேதான்."

"அதுக்கு முந்தி?"

"அதுவும் இதேதான்மா. பம்பு ஆரம்பிச்சதுலேர்ந்து இங்கனதான் நிக்குது."

"ஏறவே இல்லையா? அப்ப என்னத்துக்கு அப்பு அந்தப் பம்பு?"

எறங்கலைல்ல என்று சொல்ல வந்தேன்.  ஊசியைக் கீழே தட்டிவிட்டு, இன்னொரு தடவை ஊதச் சொல்லிக் கொடுத்தேன். அம்மா சலித்துக்கொண்டே வாங்கினாள். அந்தப் பக்கம் அய்யா, புகைக்குள் நின்று ஓட்டையைத் தேடிக்கொண்டிருந்தவர், கையில் சேற்றோடு அப்படியே திரும்பி ஊசியைப் பார்த்தார். அம்மா ஊதினாள். நூற்று அறுபது.

"எத்தன தடவ ஊதுனாலும் அங்கனயேதான் நிக்கும் போல" என்று குழலை என்னிடம் நீட்டினாள்.

"அங்கனயே நிக்கட்டும்மா" என்றேன்.